வயிற்றுக் குறிப்புகள்

கும்பகோணம், அக்கா வீடு. ஞாயிறு காலை. சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி பிரித்துக் கிடந்தது. அக்கா மகன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த டெஸ்ட் கிட். கர்ப்பம் பார்க்கும் கிட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு, விரலில் குத்த ஊசி, ஒரு சின்னக் குப்பியில் திரவம். ஒரு சொட்டு ரத்தம் விட்டு, மேலே இரண்டு சொட்டு திரவம் விட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அக்கா விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, ரெண்டு கோடு வந்திருச்சு."

ஒரு கோடு என்றால் கிருமி இல்லை, இரண்டு கோடு என்றால் உண்டு என்று உள்ளே இருந்த தாளில் போட்டிருந்தது. அக்காவின் முகம் வாடிவிட்டது. "மூணு வருஷம் முன்னாடி பதினாலு நாள் மாத்திரை தின்னேனேடி. வாயெல்லாம் கசந்து, சோறே இறங்காம. அப்பவும் போகலையா அது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குச் சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கினேன், டாக்டரிடம் கேட்டேன், இந்த நோட்டில் எழுதி வைத்தேன்.

*

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. டாக்டர்கள் எச். பைலோரி என்று சுருக்கிவிடுகிறார்கள். திருகாணி போல வளைந்த உடல், ஒரு முனையில் வால்கள். இரைப்பையின் உள்சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு அதற்கடியில் குடியிருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்து சேர்கிறது. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும்.

இருந்தாலே புண் வரும் என்றில்லை. நூறு பேருக்கு இருந்தால் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அல்சர் வருகிறது. மற்றவர்களுக்கு இரைப்பையில் லேசான அழற்சி மட்டும் சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கும். மிகச் சிலருக்கு, பல பத்தாண்டுகள் கழித்து, இரைப்பைப் புற்றுநோய். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இதை முதல் வகைப் புற்றுக்காரணிகளில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே வகை.

*

டாக்டர் அந்தக் கிட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இது ரத்தத்துல பார்க்கிறதா, மலத்துல பார்க்கிறதா?"

ரத்தம் என்றதும் மேஜைமேல் வைத்துவிட்டார். "அப்போ இது ஒண்ணும் சொல்லலைம்மா. கவலைப்படாதீங்க."

ரத்தத்தில் தேடுவது கிருமியை அல்ல. கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொண்ட எதிர்ப்பொருளை. கிருமி செத்துப்போன பிறகும் அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ரத்தத்தில் இருக்கும். திருடன் ஊரைவிட்டே போன பிறகும் விடாமல் குரைக்கும் நாயைப் போல. குரைப்புச் சத்தத்தை மட்டும் கேட்டு, திருடன் இப்போது வீட்டுக்குள் இருக்கிறானா என்று சொல்ல முடியாது.

அக்கா மூன்று வருடம் முன்பு மருந்து எடுத்தவள். அவள் ரத்தத்தில் இரண்டாவது கோடு வருவதில் ஆச்சரியமே இல்லை. மருந்தே எடுக்காதவர்களுக்கும் இந்தக் கோடு பெரிதாக உதவாது. நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகளில் பெரியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இந்தக் கிருமி இருந்திருக்கிறது. தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டு விரலைக் குத்தினாலும் இரண்டு கோடு வர நல்ல வாய்ப்பு உண்டு. அவருடைய நெஞ்செரிச்சலுக்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி.

பெட்டிமேல் "வீட்டிலேயே பத்து நிமிடத்தில்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. எதிர்ப்பொருள் என்ற சொல் உள்தாளில், பொடி எழுத்தில். இது எனக்குக் கோபத்தைத் தந்தது, இப்போதும் தருகிறது. அந்தப் பெட்டியை நம்பி அக்கா மகன் பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து, மெடிக்கலில் அதே ஆன்டிபயாடிக்குகளை வாங்கப் புறப்பட்டிருந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது நான்தான் நிறுத்தினேன்.

*

கேட்க வேண்டிய சோதனைகள் இரண்டு. மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுவது ஒன்று. மூச்சில் தேடுவது ஒன்று. இரண்டும் இன்று, இப்போது, உள்ளே கிருமி இருக்கிறதா என்று சொல்கின்றன.

மூச்சுச் சோதனையின் வழியைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இது எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. இரைப்பையில் இருக்கும் யூரியாவை அந்த நொதி அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிளக்கிறது. அம்மோனியா காரம், சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடும். அமிலக் கடலில் தனக்கென்று ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது.

அந்தக் குடையை வைத்தே அதைப் பிடிக்கிறார்கள். கார்பன்-13 என்ற, சாதாரணக் கார்பனைவிடச் சற்றே கனமான, கதிர்வீச்சு இல்லாத கார்பன் சேர்ந்த யூரியாவைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். குடிக்கும் முன் ஒரு பையில் ஊத வேண்டும், அரை மணி கழித்து இன்னொரு பையில். கிருமி இருந்தால் யூரியாவைப் பிளந்திருக்கும். கனமான கார்பன் கரியமில வாயுவாகி, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக இரண்டாவது பையில் வந்து விழும். கிருமி இல்லையென்றால் இரண்டு பைகளும் ஒன்றுபோலவே இருக்கும். சில நாடுகளில் வீட்டிலேயே ஊதி மூடி, லேபுக்குத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். நம் பக்கம் பெரிய ஊர்களில்தான் கிடைக்கிறது. அதனால் எங்களுக்கு மலச் சோதனை.

*

அப்பாவைப் பற்றி எழுதாமல் இந்த நோட்டு முடியாது.

1974ல் தஞ்சாவூரில் அப்பாவுக்கு வயிற்று ஆபரேஷன். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு தழும்பு. வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அதை விரலால் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. குடற்புண்ணுக்கு அன்று அதுதான் வைத்தியம்: அமிலம் சுரக்கச் சொல்லும் நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு வழியில் இணைத்துத் தைப்பார்கள். அதன்பின் அப்பா கடைசிவரை அரைச் சாப்பாடுதான். சாப்பிட்டதும் வியர்த்து, படபடத்து, படுத்துவிடுவார். இரண்டு மணிக்கொரு தரம் பால்.

கோபத்தைக் குறைங்க, காரத்தைக் குறைங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க. எல்லோரும் சொன்னார்கள். அப்பா அப்படியொன்றும் கோபக்காரர் இல்லை. பிறகு மிச்சமிருந்தது காரம். காரம் என்றால் அம்மாவின் கை. அம்மா அந்த ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் வத்தக்குழம்பே வைக்கவில்லை. தன் சமையல்தான் அவர் வயிற்றைப் புண்ணாக்கியது என்று நம்பினாள். சாகும்வரை நம்பினாள்.

காரம் புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கிற புண்ணில் எரியும், அவ்வளவுதான். குடற்புண்ணுக்குப் பெரிய காரணங்கள் இரண்டு: இந்தக் கிருமி, வலி மாத்திரை. அப்பா வலி மாத்திரை சாப்பிட்டவர் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் இருந்தபோது எனக்கே தெரியாது.

*

அப்பா வயிற்றைத் திறந்த ஐந்தாவது வருடம், 1979 ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் நிபுணர் ஓர் இரைப்பைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தார். அன்று அவருடைய 42வது பிறந்தநாள். நீலக் கோடுபோல் ஏதோ படிந்திருந்தது. வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் வளைந்த கிருமிகள். இரைப்பையில் கிருமி இருக்காது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1981ல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றார்கள், வளரவில்லை. வழக்கப்படி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளை எறிந்துகொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு ஐந்து நாள் அடைகாப்பானிலேயே கிடந்துவிட்டது. அதில் வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் கிருமி. அதற்குத் தேவைப்பட்டது இன்னும் மூன்று நாள்தான்.

1984ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கலவையைத் தானே குடித்தார். சில நாளில் வயிறு கனத்தது, காலையில் வாந்தி, வாயில் நாற்றம். எண்டோஸ்கோப்பி செய்து எடுத்த துணுக்கில் அழற்சியும் கிருமியும் இருந்தன. அல்சர் வந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். வந்தது இரைப்பை அழற்சிதான். 2005ல் இருவருக்கும் நோபல்.

அதற்கும் முன்னால் கிரீஸில் ஜான் லிகூடிஸ் என்ற சாதாரண டாக்டர் 1958லேயே தன் வயிற்றுக் கோளாறுக்கு ஆன்டிபயாடிக் எடுத்துக் குணமாகி, பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்து வந்தார். பத்திரிகைகள் அவர் கட்டுரையை ஏற்கவில்லை. 1968ல் அவருக்கு அபராதம் விதித்தார்கள். 1980ல் இறந்துவிட்டார், வாரனும் மார்ஷலும் தட்டில் கிருமியைப் பார்ப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. அவர் பெயரைப் படிக்கும்போது ஏனோ அம்மா நினைவுக்கு வருகிறாள்.

*

சோதனைக்கு முன் இரண்டு வாரம் கேஸ் மாத்திரையை நிறுத்த வேண்டும்.

இதை யாரும் சொல்வதில்லை. பேன்டாப்ரசோல், ஒமிப்ரசோல், ராபிப்ரசோல் எல்லாமே அமிலத்தைக் குறைக்கும்போது கிருமியையும் அமுக்கிவைக்கின்றன. கிருமி சாகாது, எண்ணிக்கை குறைந்து பதுங்கிவிடும். அந்த நேரம் மூச்சிலோ மலத்திலோ தேடினால் இல்லை என்று பொய்யாக வரும். ஆன்டிபயாடிக்கோ பிஸ்மத் மருந்தோ எடுத்திருந்தால் நான்கு வாரம் விட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

டாக்டர் அக்காவிடம், "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"காலையில வெறும் வயித்துல?"

"அது கேஸ் மாத்திரை சார். அது தினம் போடுறதுதான்."

ஆறு வருடமாகத் தினம் போடுகிறாள். மெடிக்கலில் "ஒரு அட்டை குடுங்க" என்றால் கொடுத்துவிடுகிறார்கள். மருந்து என்ற கணக்கிலேயே அது வரவில்லை. டாக்டர் விடாமல் இன்னும் கிண்டினார். கேட்கக் கேட்க வந்தது: முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், வாரத்தில் நான்கைந்து நாள், சில நாள் இரண்டு வேளை.

*

கேஸ் மாத்திரை இல்லாத இரண்டு வாரம். அக்கா பட்ட பாடு. நீண்ட நாள் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் சில நாளுக்கு அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். ராத்திரி புளியேப்பம், தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு அரை உட்காரல். எரிச்சல் தாங்காதபோது ஜெல் மருந்து குடிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். வலி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். தினமும் போனில் என்னைத் திட்டினாள். பத்தாம் நாள் திட்டு குறைந்தது.

*

மலம் எடுப்பது பற்றி. கூச்சப்பட்டுப் பாதிப் பேர் இந்தச் சோதனையைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள் என்று லேபில் ரத்தம் எடுக்கும் பெண் சொன்னாள். அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். லேபில் மூடியோடு கரண்டி பொருத்திய டப்பா தருவார்கள். கழிப்பறைத் தண்ணீரோ சிறுநீரோ கலக்கக் கூடாது. இந்தியக் கழிப்பறை என்றால் பீங்கானில் பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்தால் போதும். சுண்டைக்காய் அளவு எடுத்து, மூடி, பெயரும் நேரமும் எழுதி, அன்றே லேபில் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். பேதியாகும் நாளில் எடுக்க வேண்டாம், நீர்த்துப்போன மலத்தில் முடிவு தவறலாம்.

அக்கா டப்பாவைக் கறுப்புப் பையில் சுற்றி, அதை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு எடுத்துப் போனாள்.

முடிவு: நெகட்டிவ். மூன்று வருடம் முன்பே கிருமி போய்விட்டது. அவள் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தது முழங்கால் மாத்திரை. சளிப்படலத்தைக் காக்கும் ஒரு பொருளின் சுரப்பையே அந்த வகை மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. இப்போது பாரசிட்டமால், காலுக்குப் பிசியோதெரபி. "கிருமி போச்சுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனேடி" என்றாள். அன்று அவளுக்கு வைத்தியம் பார்த்த இடத்தில், மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

*

எதிர்வீட்டுப் பெரியவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். "எனக்கும் அந்தக் கிட்டு ஒண்ணு வாங்கித் தாம்மா." வயது 67. பேச்சுக்கொடுத்ததில், ஆறு மாதத்தில் சட்டை தொளதொளத்துவிட்டது, பசியில்லை, இரண்டு நாள் முன்பு மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. கிட்டெல்லாம் வேண்டாம் என்று அன்றே அவர் மகனுக்குப் போன் செய்தேன். உடல் மெலிதல், ரத்த வாந்தி, கறுப்பு மலம், விழுங்கச் சிரமம், ரத்தசோகை, அறுபதை ஒட்டிப் புதிதாகத் தொடங்கும் அஜீரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனைக்கு இடமில்லை. நேராக எண்டோஸ்கோப்பி. அவருக்குப் பார்த்ததில் இரைப்பையில் ரத்தம் கசியும் புண். துணுக்கெடுத்து அனுப்பியதில் புற்று இல்லை என்று வந்தது. ரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்து, வீட்டுக்கு வந்துவிட்டார்.

*

ஒரு துண்டுக் குறிப்பு. மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், குடற்புண் இந்தியாவில் எங்கே அதிகம் என்று ஆராய்ந்திருக்கிறார். அரிசி சாப்பிடும் தெற்கில் அதிகம், கோதுமை சாப்பிடும் பஞ்சாபில் குறைவு. கிருமியோ இரண்டு பக்கமும்தான் இருக்கிறது. ஆக, கிருமி மட்டுமே எல்லாம் இல்லை. சாப்பாட்டுக்கும் பங்குண்டு, ஆனால் நாம் பழி போட்ட மிளகாய் அல்ல.

இன்னொன்று. தைவானின் மட்சு தீவுகளில் 2004 முதல் முப்பதும் அதற்கு மேலும் வயதான ஊர் ஜனத்தைக் கூப்பிட்டுச் சோதித்து, கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். அங்கே இரைப்பைப் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு தீவுக் கூட்டத்தில் அது முடிந்திருக்கிறது.

*

என் முறை. எனக்கு 49. மேல்வயிற்றில் சாப்பிட்டதும் ஒரு கனம், வருடக்கணக்காக. டாக்டரிடம் அப்பா கதையைச் சொன்னேன். அதே டப்பா, அதே செய்தித்தாள். பாசிட்டிவ்.

பதினாலு நாள். அமிலம் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், இரண்டு ஆன்டிபயாடிக். ஒன்று மெட்ரோனிடசோல்: எந்நேரமும் நாக்கில் செம்புக்காசை வைத்திருப்பது போன்ற ருசி. பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். இல்லையென்றால் எதிர்வீட்டுப் பெரியவரை நினைத்துப் பயந்திருப்பேன். ஐந்தாம் நாள் விட்டுவிடலாமா என்று தோன்றியது. பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறும், அடுத்த முறை வேறு மருந்து தேட வேண்டும். நம் நாட்டில் மெட்ரோனிடசோலுக்கு அடங்காத கிருமி ஏற்கெனவே ஏராளம். காய்ச்சலுக்கும் பேதிக்கும் சீட்டில்லாமல் வாங்கித் தின்றது சேர்ந்து செய்த வேலை. காலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் கோடு போட்டு முடித்தேன்.

*

மருந்து முடிந்து முப்பத்தோரு நாள். கேஸ் மாத்திரை நிறுத்தி முப்பத்தோரு நாள். சாப்பிட்டபின் கனம் இல்லை. ஆனால் அதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது; நான்கு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

நேற்று அக்கா போன் செய்தாள். வத்தக்குழம்பு வைத்தாளாம், அம்மா பக்குவத்தில், சுண்டை வத்தல் போட்டு. எரியவில்லை என்றாள். "நீ எப்ப குடுக்கிறே?"

நாளைக் காலை. டப்பா குளியலறை ஜன்னலில் இருக்கிறது, பெயர் எழுதிவிட்டேன். நேரம் மட்டும் எழுத வேண்டும்.